ஏரியோர மேசை

கார்னெட் ஏரி, விஸ்கான்சின்
மார்ச் 4, 1996

அன்புள்ள அக்கா,

முட்டி வலி குறைந்ததா? இங்கே ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது. பூங்காவில் பூட்டிக் கிடக்கும் படகுக் கொட்டகையை எங்கள் பூங்கா நண்பர்கள் சங்கம் உணவகமாக்கப் போகிறது. லாபமெல்லாம் மரங்களுக்கும் பிள்ளைகளின் நீச்சல் வகுப்புக்கும். யார் பைக்கும் ஒரு காசு போகாது.

கடன் தர வங்கிதான் இழுத்தடிக்கிறது. நிலமும் கட்டடமும் நகராட்சியுடையவை. அடகு வைக்கச் சங்கத்திடம் ஒன்றுமில்லை. மேலாளர் சிரிக்கிறார்: "ஏரியையா சார் ஜப்தி பண்றது? வேற ஏதாவது கொண்டாங்க." உன் வீட்டைப் பிணையாகக் காட்டினால் போதும். வெறும் சம்பிரதாயம். பொது நிலம் அக்கா, அங்கிருந்து நம்மை யாரால் எழுப்ப முடியும்?

உன் பிரியமுள்ள தம்பி,
டெல்மர்

ப்ளம் ஃபால்ஸ்
மார்ச் 19, 1996

அன்புத் தம்பி டெல்மருக்கு,

பிணைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். உன் அத்தான் காகித ஆலையில் மாடாய் உழைத்துக் கட்டிய வீடு. எனக்கு வேறு போக்கிடம் இல்லை என்பது உனக்கே தெரியும்.

"சங்கத்துல வேற யாருக்கும் வீடு இல்லையாமா?" என்று பக்கத்து வீட்டு விவியன் குத்தலாகக் கேட்டாள். "எந்தம்பி என்னை நடுத்தெருவுல விட்ருவானாடி?" என்று அவள் வாயை அடைத்தேன்.

நம் பக்கத்து வழக்கப்படி வெள்ளிக்கிழமை மீன் வறுவல் உண்டுதானே? மீன் தோய்க்கும் மாவில் பீர் ஊற்ற மறந்துவிடாதே, அப்போதுதான் மொறுமொறுப்பாக வரும்.

ஆசியுடன்,
அக்கா அர்டெல்

கார்னெட் ஏரி
ஆகஸ்ட் 22, 1997

அன்புள்ள அக்கா,

கடிதம் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. வெள்ளிக்கிழமைகளில் கூட்டம் அலைமோதுகிறது. ஆனால் பாதிப் பேர் வீட்டிலிருந்தே ரொட்டி கட்டிவந்து, ஏரியோர மேசைகளில் உட்கார்ந்துவிடுகிறார்கள். எழுந்திருக்கச் சொன்னால், "பார்க்குதானேப்பா? எங்க வரிப்பணம்" என்கிறார்கள். சட்டமும் அவர்கள் பக்கம்தான். பனிக்காலத்திலோ ஈ, காக்கைகூட இல்லை.

கூரை ஒழுகியது. நகராட்சியோடு போட்ட ஒப்பந்தப்படி பழுதெல்லாம் எங்கள் தலையில். மரங்களுக்கு இன்னும் ஒன்றும் தர முடியவில்லை. தவணையும் தவறிவிட்டது. வங்கியிலிருந்து கடிதம் வந்தால் பயப்படாதே, பார்த்துக்கொள்ளலாம்.

டெல்மர்

ப்ளம் ஃபால்ஸ்
நவம்பர் 10, 1997

டெல்மர்,

கடிதம் இல்லை, வங்கியிலிருந்து ஆளே வந்துவிட்டார். "நீங்கதானேம்மா கையெழுத்துப் போட்டது?" என்று கேட்டுவிட்டு வாசற்கதவில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டினார். தெருவே வேடிக்கை பார்த்தது.

உங்கள் சங்கத் தலைவியைத் தொலைபேசியில் பிடித்தேன். "நாங்கல்லாம் சேவை பண்றவங்க. எங்களைப் போய்க் கேட்டா எப்படி?" என்றாள். நான் பண்ணியது என்னவாம்?

பயமாக இருக்கிறது, டெல்மர். உன் வீட்டை விற்கச் சொல்லவில்லை. வங்கிக்குப் போகும்போது என் பக்கத்தில் வந்து நில், அது போதும். உடனே பதில் போடு.

அக்கா

கார்னெட் ஏரி
மே 18, 1998

டெல்மர்,

இன்றுவரை உன் பதில் வரவில்லை. வீடு ஏலத்தில் போய்விட்டது.

நீங்கள் போட்ட அடுப்பும் புகைபோக்கியும் புதுக் கூரையும் கட்டடத்தோடு சேர்ந்தவை, நகராட்சிக்கே சொந்தம், அவற்றை வங்கி தொட முடியாது என்றார்கள். தொட முடிந்தது என் வீட்டை மட்டும்தான். நகராட்சி அந்த உணவகத்தைச் சங்கத்திடமிருந்து திரும்ப எடுத்து வெளியூர்க் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டதையும், கம்பெனி உன்னையே மேலாளராக வைத்துக்கொண்டதையும் செய்தித்தாளில் படித்தேன். படத்தில் நன்றாக இருக்கிறாய். கழுத்துப்பட்டி புதிதா?

மேலே எழுதியிருக்கும் ஊர்ப்பெயர் பிழையல்ல. உன் ஊரில்தான் இருக்கிறேன், இரும்புக்கடை மாடியில், ஓர் அறை. "அவன் மூஞ்சியில போய் எப்படிடி முழிப்பே?" என்று விவியன் அழுதாள். முழிக்கத்தான் வந்திருக்கிறேன்.

இனி வெள்ளிக்கிழமைதோறும் மதியம் பூங்காவுக்கு வருவேன். ரொட்டியும் அவித்த முட்டையும் நானே கட்டிக்கொண்டு வந்து ஏரியோர மேசையில் உட்காருவேன். நீ மீன் தட்டைத் தூக்கிக்கொண்டு போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். பொது நிலம், டெல்மர். அங்கிருந்து என்னை எழுப்ப உன்னால் முடியாது.

அர்டெல்