களிமண் பிள்ளை

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், மணிக்கட்டு மட்டும் மழை வந்தால் முரண்டு பிடிக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன்னை வளர்த்த அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தைக்குக் கண் ஆபரேஷன் ஆனபிறகு சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு, எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன் என்பாள், நம்பாதே.

ரயில் நிலைய வாசலில் வைக்கச் சிலை செய்கிறேன் என்று போட்டோ அனுப்பினேனே, பிழைக்க வந்த பெண், ஒரு கையில் பெட்டி, மறுகையில் பிள்ளை. இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் சிலைக்கு அச்சு எடுத்தும் கல்லறைக் கல்லில் பெயர் வெட்டியும் காலம் தள்ளிய எனக்கு, என் பெயரில் வந்த முதல் வேலை. பிள்ளை இருந்தால்தான் பார்க்கிறவர்களுக்கு மனசு இளகும் என்றது நகராட்சிக் கமிட்டி, நானும் தலையாட்டி வைத்தேன். நீ போனில், கையைப் பிடிச்சிருக்கிற அந்தச் சின்னப் பொண்ணு யாரும்மா என்று கேட்டாய். கீழ்வீட்டுத் தையல்காரியின் மகளை நிற்க வைத்து அளவெடுத்தேன் என்று சிரித்து மழுப்பினேன். அதன்பிறகு இரண்டு நாள் வேலை ஓடவில்லை. மூன்றாம் நாள் உள்ளிருந்த கம்பியை வெட்டிப் பிள்ளையைப் பிரித்தெடுத்து, மண்ணைத் தொட்டியில் போட்டு ஈரத்துணியால் மூடிவிட்டேன். பிள்ளைக்காகச் சாய்த்த தோள் சாய்ந்தே நிற்கிறது, விரல்களும் எதையோ பிடித்த வாக்கில் மடங்கியிருக்கின்றன. திருத்தலாம், திருத்தவில்லை. கமிட்டி குமாஸ்தா வந்து பார்த்து, கை சும்மா இருக்கே, ஒரு குடையாவது கொடுங்களேன் என்றார். மழை விட்டா அதை எங்கே வைப்பா என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை முடிவு சொல்வார்களாம், பிடிக்காவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

உன் அப்பா போய்ச் சேர்ந்த மறுவருஷம், ஐந்து வயது உன்னை அத்தையிடம் விட்டுவிட்டு நான் தனியாகத்தான் வந்தேன். கூடவே கூட்டி வந்த மாதிரி உன்னை ஊர் நடுவில் நிற்க வைக்க எனக்கு மனசு வரவில்லை. வயிற்றுப்பாட்டுக்காகப் போனேன் என்று இத்தனை நாள் உனக்குச் சொன்னது பாதிதான் உண்மை. அங்கேயே ஏதாவது கூலி வேலை செய்து பிழைத்திருக்கலாம். எனக்குச் சிலை செய்ய ஆசை, அதனால் போனேன். கோபம் வந்தால் படு, நியாயம்தான். அத்தையைக் குடையாதே, அவளுக்கும் இது தெரியாது.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். கடைவாய்ப் பல்லைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு. பதிலை எழுதியே அனுப்பு, போனில் கேட்டால் எனக்குப் பொய் சுலபமாக வந்துவிடுகிறது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்