அடுத்தவன் கடைக் கேக்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், அடுப்பு சுகம், கடை சுகம், உன் அம்மா மட்டும் அளவுக்கு மீறிச் சுகம், அதுதான் இப்போது என் கவலை. போனில் பேசலாம் என்றால் அவள் பக்கத்திலேயே நின்று காதைத் தீட்டிக்கொள்வாள், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் அம்மா இளைத்துவிட்டாள். முழங்கால் டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும், எடையைக் குறைத்துக்கொண்டு வந்தால்தான் ஆபரேஷன், இல்லையென்றால் இந்தப் பக்கமே வராதீங்க என்று. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பேக்கரிக்காரன் பெண்டாட்டியாவது வாயைக் கட்டுவதாவது, நாலு நாள் கூத்து என்று நினைத்தேன். ஐந்து மாதமாகிறது. காலையில் அவித்த முட்டை, மத்தியானம் ஒரு கிண்ணம் காய், சாயங்காலம் ஒரே ஒரு ஆப்பிளை மெல்லிசாக அரிந்து என்னவோ பெரிய விருந்து மாதிரி தட்டு நிறையப் பரப்பிக்கொண்டு உட்காருகிறாள். ஒரு வாய் இனிப்பு போட்டேன்னா நான் நிறுத்த மாட்டேங்க, என்னைப் பத்தி எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு அந்த ஒரு வாயைக்கூடப் போடுவதில்லை. பன்னிரண்டு கிலோ போய்விட்டது. நல்ல விஷயம்தானே அப்பா என்பாய். நல்ல விஷயம்தான், யார் இல்லை என்றது? ஆனால் எனக்கு வயிறு எரிகிறது அம்மாடி, அடுப்பை விட மோசமாக எரிகிறது.

கல்யாணமான நாளிலிருந்து காலையில் முதல் ட்ரே பன் வெளியே வந்ததும் அவள்தான் ஒன்றைப் பிய்த்து வாயில் போடுவாள். சூடு தாங்காமல் கையை உதறிக்கொண்டே உப்பு தூக்கல், இன்னிக்கு மாவு சரியா உப்பலை என்று ஏதாவது ஒரு குறை சொல்வாள், நான் சண்டைக்குப் போவேன், பிறகு வாயை மூடிக்கொண்டு அவள் சொன்னபடி செய்வேன். இப்போது கதவோரம் நின்று வாசனை நல்லா இருக்குங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்கிறாள். வாசனையோடு நிறுத்திக்கொள்ள நான் என்ன பூக்கடையா வைத்திருக்கிறேன்? செருப்பை மாட்டிக்கொண்டு போவது யாரோடு, மாடியில் புதிதாகக் குடிவந்திருக்கும் தையல்கார அம்மாவோடு. இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு மைதானத்தை மெல்லச் சுற்றுகிறார்கள், கால் வலித்தால் பெஞ்சில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள், அப்படி என்னதான் சிரிப்போ. வாராவாரம் அந்த அம்மா நாடாவை எடுத்து உன் அம்மாவின் இடுப்பை அளந்து, அக்கா இன்னும் ஒரு விரல் குறைஞ்சிருக்கு என்கிறாள், இவள் குதிக்காத குறை. கட்டின புருஷன் குத்துக்கல் மாதிரி நிற்கிறேன். எத்தனை விரல் என்று நான் கேட்டதற்கு, அது எங்களுக்குள்ள என்று சொல்லிவிட்டாள். எங்களுக்குள்ளவாம்!

நானும் சும்மா இருக்கவில்லை. அவளுக்குப் பிடித்த வெண்ணெய் பிஸ்கட்டைச் சுட்டுக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, அவள் தண்ணீர் குடிக்க நிற்கும் இடத்துக்கு நேராக, கண்ணில் படும்படி வைத்தேன். மறுநாள் பார்த்தால் பாட்டில் காலி. அப்படி வா வழிக்கு என்று உள்ளுக்குள் துள்ளினேன். பிறகுதான் தெரிந்தது, அத்தனையையும் மாடிக்குக் கொடுத்துவிட்டிருக்கிறாள். தையல்கார அம்மா கீழே இறங்கி வந்து, அண்ணே உங்க கைப்பக்குவமே தனி என்கிறாள். அந்தப் பாராட்டை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் அத்தை வீட்டில் விருந்து, மாமா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதற்காக. கேக் எங்கே வாங்கியிருந்தாள் என்று நினைக்கிறாய், பஸ் ஸ்டாப் முனையில் புதிதாகக் கடை போட்டிருக்கிறானே கண்ணாடிக் கதவுக்காரன், அவனிடம். கூடப்பிறந்த தம்பி பேக்கரி வைத்திருக்கும்போது! கேட்டால், உனக்கு எதுக்குடா சிரமம்னுதான் என்று குழைகிறாள். அந்தக் கேக்கை வைத்துக்கொண்டு எல்லோரும் உன் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். உடம்புக்கு என்ன, ஏதாவது பெரிய வியாதியா என்று ஒருத்தி கிசுகிசுக்கிறாள். ஒரு நாள் தின்னா குடியா முழுகிடும் என்கிறார் இன்னொருவர். பேக்கரிக்காரன் பெண்டாட்டியே பட்டினி கிடந்தா அவன் சரக்கை எவன் வாங்குவான் என்று மாமா உரக்கச் சிரிக்கிறார். உன் அம்மா தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வேண்டாங்க, வேண்டாங்க என்று சிரித்தபடியே சமாளித்தாள். கடைசியில் உன் அத்தை வந்தாள். என் வீட்டுச் சாப்பாடுன்னா அவ்வளவு இளக்காரமா, நான் கொடுத்து நீ வாங்க மாட்டியா என்று கண் கலங்கிவிட்டாள். நினைத்த நேரத்தில் கண் கலங்குவதில் உன் அத்தை கெட்டிக்காரி, உனக்குத் தெரியாததா. உன் அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. டம்ளரை வைத்துவிட்டுத் தட்டை வாங்கிவிட்டாள். ஸ்பூனில் ஒரு துண்டை எடுத்தும்விட்டாள்.

ஐந்து மாதமாக நான் ஆசைப்பட்டது அதற்குத்தானே, பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதானே? முடியவில்லை. என் பன்னை வேண்டாம் என்றவள், என் பிஸ்கட்டை மாடிக்கு அனுப்பியவள், போயும் போயும் அந்தக் கண்ணாடிக் கதவுக்காரன் கேக்குக்கா வாயைத் திறப்பது? வெறி பிடித்தவன் மாதிரி போய்த் தட்டைப் பிடுங்கினேன், ஸ்பூனையும் சேர்த்து. அவ வேணாங்கிறா இல்ல, விட்டுத் தொலைங்களேன் என்று கத்திவிட்டு அந்தத் துண்டை நானே விழுங்கினேன். முட்டை வாடை, க்ரீமில் பேருக்குக்கூட வெண்ணெய் இல்லை, அது கிடக்கட்டும். அதற்குப் பிறகு ஒரு ஆள்கூட உன் அம்மாவிடம் தட்டை நீட்டவில்லை.

பஸ்ஸில் வரும்போது உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீங்க மட்டும் இல்லேன்னா இன்னிக்கு எல்லாம் போயிருக்கும், என் மேல இவ்வளவு அக்கறையா உங்களுக்கு என்று கேட்டாள். அக்கறையும் இல்லை மண்ணும் இல்லை, வெறும் பொறாமை என்று சொல்லவா? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீயும் சொல்லித் தொலைக்காதே.

மறுநாள் டாக்டர் எடை பார்த்துவிட்டு, போதும், அடுத்த மாதம் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார். எல்லாரும் ரெண்டாவது மாசமே கையை விரிச்சுடுவாங்க, நீங்க எப்படிம்மா தாக்குப்பிடிச்சீங்க என்று கேட்டார். உன் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? என் பொண்ணு வீடு மூணாவது மாடி டாக்டர், லிஃப்ட் கிடையாது, அவ போய் நாலு வருஷமாச்சு, அவ சமையலறை எப்படி இருக்குன்னு நான் இன்னும் பார்க்கலை, ஏறிப் போய்ப் பார்க்கணும் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை நாளும் தையல்கார அம்மாவைப் பார்த்துப் புகைந்துகொண்டிருந்தேனே, ஆள் நீதானா! டீயில் ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் குறை என்று நான் எத்தனை வருஷம் தலைகீழாக நின்று தண்ணீர் குடித்திருக்கிறேன், கேட்டாளா? உன் வீட்டு மாடிப்படிக்காகப் பன்னிரண்டு கிலோ. பெற்ற மகள் மேல் பொறாமைப்படுகிற தகப்பன் உலகத்தில் உண்டா என்று கேட்காதே. உண்டு, இதோ எழுதிக்கொண்டிருக்கிறான்.

ஆபரேஷன் முடிந்து நன்றாக நடக்கத் தொடங்கியதும் அவளை அங்கே அனுப்பிவைக்கிறேன். நான் வருவதற்கில்லை, இங்கே அடுப்பை அணைத்தால் அந்தக் கண்ணாடிக் கதவுக்காரனுக்குக் கொண்டாட்டமாகிவிடும். மூன்று மாடியும் அவள் ஏறும்போது கை கொடுக்கப்போகிறவள் நீ, அதை நினைத்தால்தான் மனசு ஆறமாட்டேன் என்கிறது. சரி, போகட்டும், வேறு யாருக்கோ இல்லையே. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் மனசு நிறைந்து நன்றாக இருங்கள்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அம்மா முதல்முறையாக வந்திருக்கிறாள் என்று உனக்குக் கை பரபரக்கும், விதவிதமாகச் செய்து அவள் முன்னால் வைப்பாய், இன்னும் கொஞ்சம் என்பாய், எனக்காகம்மா என்பாய். அவள் வேண்டாம் என்றால் முதல் தடவையிலேயே விட்டுவிடு. கேட்கிறவள் நீ என்றால் அவளால் இரண்டாம் தடவை வேண்டாம் என்று சொல்ல முடியாது. தட்டைப் பிடுங்க அங்கே நான் இருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் மேல் இன்னும் வயிற்றெரிச்சல் தீராத
அப்பா