ஒன்றுமில்லை என்று வந்த படம்

மதினி,

வெங்காயம் மடித்து வந்த வாரப்பத்திரிகைத் தாளில் இன்று இரண்டு மூளைகளைப் பார்த்தேன். வண்ணப்படம். ஒன்று நன்றாக இருக்கிற ஒருத்தியுடையதாம், மற்றது மனச்சோர்வு வந்த ஒருத்தியுடையதாம். நல்ல மூளையில் மஞ்சளும் சிவப்புமாக எரிகிறது. சோர்ந்த மூளையில் நீலம் பரவிக் கிடக்கிறது. வெளிநாட்டில் இப்படிப் படம் எடுத்து, யாருக்கு எந்த வைத்தியம் கேட்கும் என்று கண்டுபிடிக்கப் பார்க்கிறார்களாம். இன்னும் முடிவாகச் சொல்வதற்கில்லை என்றும் கீழே போட்டிருந்தது. அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? அந்த நீல மூளைக்காரி மேல் எனக்கு அப்படியொரு பொறாமை வந்தது. இந்தா, இங்கேதான் வலிக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட அவளுக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டதே. வெங்காயத்தைத் தரையிலேயே கொட்டிவிட்டுப் போய், பீரோவில் சேலைகளுக்கு அடியில் இருந்த உங்கள் மூளைப் படத்தை எடுத்தேன். நம்முடையது கறுப்பு வெள்ளை. அன்றைக்கு நம் வீட்டில் இருந்த டிவியும் அப்படித்தான்.

உங்கள் மேல் எனக்கு இருந்த பொறாமைக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. எண்பதுகளின் கடைசி அது, பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். அண்ணன் ராஜபாளையத்தில் மில்லில் ஃபிட்டர். நான் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வாக்கப்பட்டு, இரண்டாவது பிள்ளையைக் கைக்குழந்தையாக வைத்திருந்தேன். நீங்கள் தலை வார உட்கார்ந்தால் சீப்பு பாதி முடியில் நின்றுவிடும் என்றும், அப்படியே மத்தியானம் வரை உட்கார்ந்திருப்பீர்கள் என்றும் அம்மா சொல்லி அனுப்பினாள். ஒத்தாசைக்கு வா என்றாள். பிள்ளையை இடுக்கிக்கொண்டு ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறி வந்தேன். வந்து பார்த்தால், அண்ணன் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு உங்கள் எதிரே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கிறான். தோலை மட்டுமல்ல, ஒவ்வொரு சுளையிலும் நாரை வேறு எடுக்கிறான். எனக்கு எந்த ஆம்பளை நாரெடுத்துத் தந்தான்? அந்தத் தோலைக் கூட்டி அள்ளியது நான்தான். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவர்களுக்குக் காப்பி போட்டதும் நான்தான்.

உங்களுக்கு வந்தது எனக்கும் வந்திருந்தது, மதினி. பிள்ளை பிறந்ததிலிருந்தே. விடிந்தால் ஏன் விடிந்தது என்று இருக்கும். பிள்ளை அழுதால் அது யார் வீட்டுப் பிள்ளையோ என்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் உங்களுக்கு வேலை நின்றது, அதனால் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வேலை நிற்கவில்லை. குழாயைத் திறந்து விட்டுப் பாத்திரம் தேய்த்தபடியே அழுவேன். தேய்த்த பாத்திரம் பளபளவென்று இருக்கும். பிறகு யார் என்னைப் பார்க்கப் போகிறார்கள்?

தலைவலி என்றும் நீங்கள் சொன்னதால், மதுரை டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, மூளையைப் படமும் எடுக்கச் சொன்னார். உங்கள் தெருவிலேயே ஸ்கேன் பார்த்த முதல் தலை உங்களுடையதுதான். அண்ணன் டாக்ஸி பிடித்தான், மதினி. என் பிரசவத்துக்கு நான் பஸ்ஸில் போனேன்.

திரும்பி வந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்து, "பெரிய உளுந்த வட ஓட்டைக்குள்ள தலய விட்டாப்ல இருந்துச்சுட்டி" என்றீர்கள். எனக்கும் அந்த வடைக்குள் ஒரு தடவை தலையை விட வேண்டும் என்று அன்றைக்குப் பிடித்த ஆசைதான்.

ரிசல்ட்டை அம்மா வாசலில் நின்று தெருவுக்கே சொன்னாள்: "மூளையில ஒண்ணுமில்லையாம்!" நல்ல சேதியாகத்தான் சொன்னாள். எதிர்வீட்டுக்காரி அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். அம்மாவுக்கு மானம் போய்விட்டது. அந்தக் கோபம் உங்கள் மேல் திரும்பியது. "அதான் ஒண்ணுமில்லன்னு படமே சொல்லிருச்சே. பொறவு மாத்திரை எதுக்கு? எந்திரிச்சு அடுப்பப் பாரு." மாத்திரையை எடுத்து ஒளித்து வைத்தாள். அண்ணனும், "டாக்டரே ஒண்ணுமில்லன்னுதான சொன்னாரு" என்று இழுத்தான். ஆரஞ்சு நின்றது. ஹார்லிக்ஸ் நின்றது. நீங்கள் சீப்பைக் கையில் எடுப்பதையே விட்டுவிட்டீர்கள்.

ஒருநாள் அடுப்படிக்கு வந்து, "ஏட்டி, மதுரைக்கு எங்கூட வாரியா? அந்த டாக்டர்ட்டயே கேட்டுருவோம்" என்றீர்கள். உங்களைக் காப்பாற்றவா நான் கிளம்பினேன்? வடை ஆசையில் கிளம்பினேன். மீனாட்சியைக் கும்பிட்டு வருகிறோம் என்று அம்மாவிடம் சொன்னோம்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டிவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். "இதுல கட்டி இருக்கா, ரத்தக்கசிவு இருக்கான்னுதாம்மா பாக்கோம். துக்கம் இதுல விழாது. ஒண்ணுமில்லைன்னா கட்டி இல்லைன்னு அர்த்தம். நோய் இல்லைன்னு அர்த்தமில்ல. மாத்திரைய நிறுத்தாதீங்க." நீங்கள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, சட்டென்று என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தீர்கள். "இவளயும் பாருங்க டாக்டர். கொழாயத் தொறந்து விட்டுட்டு அழுதா."

சீப்பை நகர்த்தக் கையெழும்பாத உங்களுக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. டாக்டர் தூக்கம், சாப்பாடு, பிள்ளை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டு முடித்து மாத்திரை எழுதினார்.

"எனக்குப் படம் எடுக்க மாட்டியளா?" என்றேன்.

"உங்களுக்குத் தேவையில்லம்மா. நீங்க சொன்னதே போதும்."

பஸ் ஸ்டாண்டில் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். வியாதியிலும் எனக்கு மட்டமானதுதான் கிடைக்கும் என்றேன். நீங்கள் படம் இருந்த பெரிய கவரை என் கையில் வைத்தீர்கள். "இந்தா, இத நீயே வச்சுக்க. ஒண்ணுமில்லங்கதுல எந்தல என்ன, ஒந்தல என்ன?" சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். எத்தனையோ மாதம் கழித்து வந்த சிரிப்பு. எனக்கும் தொற்றிக்கொண்டது. பக்கத்தில் நின்றவர்கள் நம் இரண்டு பேருக்கும் மூளையில் ஏதோ இருக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

டாக்டர் சொன்னதை நீங்களே அண்ணனிடம் எடுத்துச் சொன்னீர்கள். மாத்திரை திரும்ப வந்தது. மெல்ல மெல்லச் சீப்பு முடியின் நுனி வரை இறங்கியது. என் பிள்ளை அழுதால் என் பிள்ளை அழுகிறது என்று எனக்கும் தெரிய ஆரம்பித்தது.

போன வருஷம் நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்விட்டீர்கள். அண்ணன் உங்கள் போட்டோவைப் பெரிதாக்கி மாலை போட்டிருக்கிறான். வருகிறவர்கள் எல்லாம் அதன் முன்னால் நின்று அவனுக்குத்தான் ஆறுதல் சொல்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. அதுவும் எனக்கு எரிகிறது, மறைப்பானேன்? காரியம் முடிந்த அன்று அவன், "மதுரையில எடுத்த படம் ஒங்கிட்டயா இருக்கு?" என்று கேட்டான். இல்லை என்றேன். முகத்தை அவன் வைத்துக்கொள்ளட்டும்.

இன்று அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அன்றைக்கு இடுப்பில் இருந்தவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"யாரு தலம்மா இது?"

ஓரத்தில் உங்கள் பெயர் இருந்தது. பெருவிரலால் அதை மறைத்துக்கொண்டேன்.

"எந்தலதான்" என்றேன்.