வகிடு எந்தப் பக்கம்

14 ஏப்ரல் 1998, செவ்வாய்

காலையில் மழை. தக்காளி நாற்றுகளைச் சமையலறை ஜன்னலுக்கு மாற்றினேன்.

மாலை, மதுக்கடை மாடியில் பழைய தீயணைப்பு வண்டிச் சங்கக் கூட்டம். 1934-இல் ஹோல்ம் மில் தீயை அணைத்தவர்களுக்கு நகர மன்றம் பித்தளைப் பலகை வைக்கப்போகிறது. அந்தக் காலச் செய்தித்தாளில் ஆறு பெயர்கள்தான் இருக்கின்றன. ஏழாவதாகத் தன் அப்பா வால்டர் ஹார்கிரீவ்ஸ் பெயரும் வேண்டும் என்று மிஸ் எல்சி ஹார்கிரீவ்ஸ் ஒரு படத்தோடு வந்திருந்தார். தீ அணைந்த காலை, வண்டியின் முன்னால் ஏழு பேர், தலைக்கவசம் கையில். வண்டி எந்த வருடத்தது என்று பிக்கர்ஸ்டாஃபிடம், அதாவது என்னிடம், கேட்டு வரச் சொன்னதாம் மன்றம். முப்பது வருடமாக இந்தப் பக்கத்தில் வண்டிகளுக்கு வயது சொல்வது நான்தான்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஹால்ஸ்டெட்-பை கம்பெனி வண்டி. தண்ணீர் உறிஞ்சும் வாய் வலப்பக்கம். 1937-க்கு முன்பு அவர்கள் அதை இடப்பக்கம்தான் வைத்தார்கள்.

"முப்பத்தேழுக்கு முன்னாடி இந்த வண்டி பொறக்கவே இல்லம்மா. உங்க அப்பா போனது எப்போ?"

"முப்பத்தஞ்சுல. அந்தப் புகை நெஞ்சுலயே தங்கிடுச்சு. எனக்கு நாலு வயசு."

"அப்போ இது உங்க அப்பா இல்ல."

"படத்துக்குப் பின்னாடி அம்மா அவர் பேரை எழுதியிருக்காங்களே..."

"பேனா பொய் சொல்லும். இரும்பு சொல்லாது."

யாரோ கை தட்டினார்கள். அவர் விடவில்லை, படத்தில் ஒருவரைத் தொட்டுக் காட்டினார். "வகிடைப் பாருங்க, எனக்கும் அப்படியேதான்" என்றார். நான் பார்த்தேன். "அவருக்கு வலப்பக்கம், உங்களுக்கு இடப்பக்கம். அதுவும் பொருந்தலையே!" என்றேன். மாடியே சிரித்தது.

படத்தைத் தலைத்துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். சங்கத் தோழன் கென் எனக்கு ஒரு பீர் வாங்கித் தந்தான். நல்ல மாலை.

29 ஏப்ரல், புதன்

"நல்ல மாலை" என்று எழுதிய கையை என்ன செய்வது?

சங்க இதழில் போடுவதற்காக அன்று கென் அந்தப் படத்தைப் படம் எடுத்து வைத்திருந்தான். பெரிதாக்கிய பிரதி இன்று தபாலில் வந்தது. மேசையில் வைத்திருந்தேன். என் மனைவி டோரீன் இருபது வருடம் மழைக்கோட்டு ஆலையில் தைத்தவள். தேநீரோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன ஆர்னால்ட், உன் ஆளுங்கல்லாம் பொம்பளைங்க மாதிரி பட்டன் போட்டிருக்காங்க?"

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது. ஆண்களின் கோட்டில் பட்டன் வலப்பக்கம் இருக்கும்; இந்த ஏழிலும் இடப்பக்கம்.

நடையிலிருக்கும் கண்ணாடிக்கு முன்னால் படத்தைப் பிடித்தேன். பட்டன்கள் சரியாகிவிட்டன. உறிஞ்சுவாய் இடப்பக்கம் போய்விட்டது. 1937-க்கு முந்தைய வண்டி. படம் கழுவியவர் கண்ணாடி நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்டிருக்கிறார், அவ்வளவுதான். வண்டியின் பெயரைக் குழாய்ச் சுருள் மறைத்திருக்கிறது, எப்போதும் வலப்பக்கம் இருக்கும் ஸ்டியரிங்கை இரண்டு பேர் மறைத்து நிற்கிறார்கள். ஸ்டியரிங் தெரியாத படத்துக்கு அவசரப்பட்டு வயது சொல்லாதே என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான்தான் சொல்வேன்.

இரும்பு பொய் சொல்லவில்லை. நான் மனிதர்களையே பார்க்கவில்லை.

1 மே

யாரிடமும் சொல்லவில்லை.

6 மே, புதன்

ரொட்டிக் கடையில் மிஸ் ஹார்கிரீவ்ஸ். நான் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்தேன். அறுபத்தாறு வயது ஆள்! அவர் ஒரே ஒரு பன் வாங்கிக்கொண்டு போகும்வரை மாவுப் பொட்டலத்தின் விலையைப் படிப்பதுபோல் நின்றேன். வீட்டுக்கு வந்து டோரீனிடம் சொன்னதற்கு, "பலகைக்குப் பெயர்ப் பட்டியல் பதினஞ்சாம் தேதி வார்ப்புக்குப் போகுதாமே. அதுவரைக்கும் ஒளிஞ்சுக்கலாம்னு இருக்கியா?" என்றாள்.

அப்படித்தான் இருந்தேன் போலிருக்கிறது. எதற்குப் பயம்? கென் கேலி செய்வான் என்றா? ஒரு பெண்ணின் அப்பாவையே பிடுங்கிக்கொண்டவனுக்குக் கேலி ஒரு தண்டனையா? சீ.

12 மே, செவ்வாய்

அதே மாடி. எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு கென், "இனிமே இவன்கிட்ட வயசு கேட்கிறவங்க கையில ஒரு கண்ணாடியும் கொண்டு வாங்கப்பா" என்றான். சிரித்தார்கள். சிரிக்கட்டும். மன்றச் செயலரும் இருந்தார். வால்டர் பெயரைச் சேர்க்கிறோம் என்றார்.

வீட்டுக்கு வந்து, முடிந்தது என்றேன். டோரீன் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சிரிச்சவங்ககிட்ட சொல்லிட்ட. அழுதவகிட்ட யாரு சொல்றது?"

14 மே, வியாழன்

போனேன். சரியாகத் திருப்பி அச்சிட்ட பிரதி கையில் இருந்தது.

கணப்படுப்பு மேல் சுவரில் சட்டம் மாட்டியிருந்த இடம் வெளுப்பாகத் தெரிந்தது. "இழுப்பறையில போட்டுட்டேன்" என்றார். "யாரோ முகம் தெரியாத ஆளுக்கு அறுபது வருஷமா தினம் காலையில வணக்கம் சொல்லியிருக்கேனேன்னு ஒரே அவமானமா இருந்துச்சு."

அவமானம் அவருக்கு! "தப்பு என்னோடதும்மா. இது உங்க அப்பாதான்" என்று எப்படியோ சொல்லிப் படத்தை நீட்டினேன். உட்காரச் சொல்லவில்லை, நின்றேன்.

நீண்ட நேரம் பார்த்தார். பிறகு விரல் தானாக அவர் தலைக்குப் போனது.

"வகிடு... இடப்பக்கம்."

"ஆமாம். உங்களுக்கு இருக்கிற மாதிரியே."

"பத்து வயசுல பழைய படத்தைக் கண்ணாடி ஓரத்துல சொருகி வச்சு, அதுல இருக்கிற மாதிரியே தெரியணும்னு சீவினேன், மிஸ்டர் பிக்கர்ஸ்டாஃப்."

படமும் புரண்டது, கண்ணாடியும் புரட்டியது. இரண்டும் சேர்ந்து சரியாகிவிட்டது. இவ்வளவு காலமும் அவர் அப்பாவின் பக்கம்தான் சீவியிருக்கிறார். நான் அதைச் சொல்லித்தான் ஊரைச் சிரிக்க வைத்தேன்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "டீ வேணும்னா குடிச்சிட்டுப் போங்க."

குடித்தேன். சர்க்கரை கேட்கவில்லை.

20 ஜூன், சனி

பலகை திறப்பு. நல்ல காற்று. ஏழு பெயர்கள். நான் பின்வரிசையில் நின்றேன். புகைப்படக்காரர் மிஸ் ஹார்கிரீவ்ஸைப் பலகைக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். காற்றில் முடி கலைந்திருந்தது. கைக்கண்ணாடி தரட்டுமா என்று டோரீன் கேட்டாள்.

"வேண்டாம், எனக்குத் தெரியும்" என்று சொல்லி, கைப்பையிலிருந்து சீப்பை எடுத்து இடப்பக்கம் வகிடு எடுத்துக்கொண்டார்.