கண்ணாயிக்கு ஒரு வாய்

பிப்ரவரி 3

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேசப் பேச இந்தப் போன் எழுதிக்கொள்ளும் என்று மகள் பானுமதி திருப்பூரிலிருந்து வந்தபோது பழக்கிவிட்டுப் போனாள். எழுதட்டும். எனக்கு மறதி கிடையாது, மற்றவர்களுக்குத்தான்.

என் வீட்டுக்காரி கண்ணாயிக்கு வாதம் அடித்து ஒரு மாதம் ஆகிறது. வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சில் மிஞ்சியது ஒரே சொல் – "எளவு." தண்ணீர் வேண்டுமென்றாலும் எளவு, என்னைக் கண்டாலும் எளவு. முன்னைக்கு இப்போது பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை.

பிப்ரவரி 6

நர்சு சுஜிதா ஸ்கூட்டியில் வந்தது. கண்ணாயிக்குத் தொண்டையும் பாதி விழுந்துவிட்டதாம்.

"படுக்க வச்சு எதுவும் குடுத்துராதீங்க அப்புச்சி. நேரா உக்கார வச்சு, தாடையைக் குனிய வச்சு, கஞ்சியைக் கெட்டியா குடுங்க. ஒவ்வொரு வாய்க்கும் முழுங்குன்னு சொல்லுங்க. இல்லீனா நெஞ்சுக்குள்ள எறங்கிரும்."

"ஏங்கண்ணு, பொறந்ததுல இருந்து முழுங்கறவளுக்கு நான் பாடம் நடத்தோணுமா?"

பிப்ரவரி 11

நோயாளியைப் பார்க்க வந்தால் கொண்டுவந்ததைத் தன் கையால் ஒரு வாய் ஊட்டிவிட்டுப் போவது எங்கள் சனத்து முறை. தடுத்தால் பகை. பக்கத்து வீட்டு ராசப்பன் வந்து, விழுந்த கைகாலில் புறா ரத்தம் தேய்க்கச் சொன்னான். கறியை அவன் தின்னலாம் என்ற நினைப்பு.

கொழுந்தியாள் பெருமாயி மலைவாழைப்பழத்தோடு வந்தாள். நர்சு சொன்னதைச் சொன்னேன்.

"எங்கக்காளுக்கு ஊட்ட அந்தப் புள்ளைகிட்டக் கேக்கோணுங்களா மாமா?"

படுத்திருந்தவள் வாயில் வைத்தாள். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கண்ணாயி இருமினாள். "சளி கரையுதுங்க" என்றாள் பெருமாயி. பெரிய டாக்டர்.

பிப்ரவரி 13

காய்ச்சல். மூச்சில் கொரகொரப்பு.

பிப்ரவரி 14

மலையிறங்கி ஆஸ்பத்திரிக்கு வந்தாயிற்று. பழம் நுரையீரலுக்குள் போய்ச் சீழ் வைத்துவிட்டதாம். பிழைப்பாளா என்று கேட்டால் பார்க்கலாம் என்கிறார்கள். என்னத்தப் பாக்கறது? எளவுன்னுகூட இப்பச் சொல்ல மாட்டேங்கறா. ஒருக்கா திட்டுடி – கேட்டுக்கறேன்.

பிப்ரவரி 27

ஊடு வந்து சேர்ந்தோம். இறக்கிவிட்ட டிரைவரைப் பார்த்து "எளவு" என்றாள். அவன் முகம் சுருங்கிப்போனது. எனக்கு வயிறு குளிர்ந்தது.

மார்ச் 3

பெருமாயி மறுபடி பழச்சீப்போடு வந்தாள். கட்டிலை வாசற்படிக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஊட்டறத உன் வாயிலயே ஊட்டிக்க. உங்கக்கா பாத்துக்குவா."

"சாமி குத்தமுங்க மாமா."

"குத்தத்த நான் வாங்கிக்கறேன். நீ தின்னு."

தின்றாள். பாதிச் சீப்பு போயிற்று. என் கல்யாணப் பந்தியில் மூன்று தரம் உட்கார்ந்தவள்தானே. உள்ளேயிருந்து கண்ணாயி இடது பக்க வாயால் சிரித்தாள்.

அதன்பின் ஊட்ட வருகிறவர்கள் எல்லோருக்கும் இதே சட்டம். வருகை பாதியாகக் குறைந்தது.

மார்ச் 19

கெட்டிச் சாமைக் கஞ்சி. குனி, முழுங்கு. குனி, முழுங்கு. மாட்டுக்குக்கூட இவ்வளவு பேசியதில்லை.

"நல்லாப் பழகிட்டீங்க அப்புச்சி" என்றது சுஜிதா. அதற்கு இளிப்பு வேறு.

ஏப்ரல் 9

நேற்றெல்லாம் எனக்குக் குளிர்காய்ச்சல். எழ முடியவில்லை. பானுமதி வந்து கஞ்சி காய்ச்சி, அம்மாவை என் கட்டிலருகே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனாள்.

கண்ணாயி இடது கையால் கரண்டியை எடுத்து நீட்டினாள். பாதி என் மார்பில் சிந்தியது. படுத்தபடியே வாயைத் திறந்தேன். கரண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். முறைத்தாள்.

எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். தாடையைக் குனிய வைத்துக்கொண்டேன்.

"முழுங்கு" என்றாள்.