காப்புக் கையும் மாத்திரையும்

பிப்ரவரி 12, புதன்

தைத்துக் கொடுத்த ரவிக்கை ஒன்று கை பிடிக்கிறது என்று திரும்பி வந்துவிட்டது. என் தப்புதான். அளவெடுக்கும்போது மனசு திருச்சுழியில் இருந்தது.

காலையில் இவரோடு திருச்சுழி மாத்திரை மையத்துக்குப் போய் வந்தேன். இன்றோடு நாற்பத்தோரு நாள். நர்ஸ் பிரவீணா கண்ணெதிரே மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். கரையும்வரை பத்து நிமிஷம் வாய் திறக்கக் கூடாது. கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் நான் பேசி இவர் எதிர்ப்பேச்சு பேசாத நேரம் இதுதான். கரண்ட் பில்லில் ஆரம்பித்து இவருடைய அக்கா வரைக்கும் எல்லாவற்றையும் அங்கேயே பேசி முடித்துவிடுகிறேன். கண்ணை உருட்டுகிறார். பிரவீணா சிரிக்கிறாள்.

பிப்ரவரி 20

இன்று இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எழுதி வைக்க வேண்டும் போலிருந்தது.

மார்ச் 3, திங்கள்

இனிமேல் தனியாகவே போய் வருகிறாராம்.

“நீ தையலப் பாரு ஈஸ்வரி. நான் என்ன சின்னப்புள்ளையா?”

சின்னப்பிள்ளையாக இருந்தால் எனக்கு இத்தனை பயம் இல்லையே. கரிமூட்டை லோடு ஏற்றி இடுப்பு பிடித்தபோது, கூட லோடு ஏற்றுகிறவன் ஒருவன் வலி மாத்திரை கொடுத்தான். ஒன்று நாலாகி, நாலு பத்தானது. வலி போன பிறகும் மாத்திரை போகவில்லை. மூன்று வருஷம். அந்தப் பழக்கத்தை விடத்தான் இப்போது மையத்து மருந்து. என் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்த அன்று நான் பேசிய பேச்சை இந்த டைரியில் எழுத மாட்டேன். ஊரில் யாருக்கும் தெரியாது. இடுப்புக்கு வைத்தியம் பார்க்கிறோம் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

சரி, போய் வாருங்கள் என்றேன். பஸ் மறையும்வரை வாசலிலேயே நின்றேன். எதற்கு நின்றேனோ.

மார்ச் 20, வியாழன்

பிரவீணா போன் பண்ணினாள். மையத்துக்கு அரசு ஒரு வருஷத்துக்குத்தான் நிதி ஒதுக்கியதாம். மே மாதத்தோடு முடிகிறது. வருகிற ஆட்கள் குறைவு, எதற்கு நீட்டிக்க வேண்டும் என்று மேலே கேட்கிறார்களாம்.

மூடிவிட்டால் விருதுநகர் போக வேண்டும். இரண்டு பஸ், பாதி நாள். தினமும் பாதி நாள் லீவு போடுகிறவருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? பத்து நாள் போவார். பதினோராம் நாள் நின்றுவிடுவார். பிறகு?

“கிராம சபையில தீர்மானம் போட்டு அனுப்புனா கேப்பாகக்கா. ஆனா யாராச்சும் எந்திரிச்சுச் சொல்லணும்ல.”

எழுந்து சொன்னால், சொல்கிறவர்கள் வீட்டில்தான் அது இருக்கிறது என்று ஆகிவிடும். எவர் எழுந்திருப்பார்? நானே எழுந்திருக்க மாட்டேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஊர்ப் பொங்கலுக்கு இன்று காப்புக் கட்டு. இவர் அக்கினிச்சட்டி எடுக்க நேர்ந்து, கையில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டார். இனிச் சட்டியை இறக்கும்வரை கவிச்சி கிடையாது, வெளியூரில் ராத்தங்கல் கிடையாது.

“ஆத்தாதான என்னைய மீட்டுக் குடுத்தா. நான் எடுக்காம வேற யாரு எடுப்பா?”

ஆத்தாளோடு நானும் கொஞ்சம் மீட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. மஞ்சள் வேட்டியில் நின்றவரைப் பார்த்ததும் மறந்துவிட்டேன். அழகாக இருந்தார். சொல்லியும்விட்டேன். வெட்கப்படுகிறார், இந்த வயதில்!

ஏப்ரல் 4, வெள்ளி

என்னத்த எழுத. சாயங்காலம் கோயிலில் கொட்டு முழங்கும்போது இவருக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது. வேர்த்துக் கொட்டுகிறது, கண்ணிலும் மூக்கிலும் தண்ணி, கை மயிரெல்லாம் குத்திட்டு நிற்கிறது. “சாமி வந்துருச்சு!” என்று பெண்கள் குலவை போட்டார்கள். பக்கத்து வீட்டுச் சந்தனம்மாள் அத்தை இவர் காலில் மஞ்சத்தண்ணி ஊற்றி, “மழை எப்பத்தா வரும்? வாக்கு சொல்லாத்தா!” என்று அழுதார்.

இவர் பல்லைக் கடித்துக்கொண்டு, “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ” என்றார்.

ஆத்தா கோயிலுக்குக் கூரை கேட்கிறாள் என்று ஒருவர் அர்த்தம் சொன்னார்.

எனக்குத் தெரியும் அந்த நடுக்கம். வலி மாத்திரை கிடைக்காத நாளெல்லாம் பார்த்த நடுக்கம். தெரிஞ்சும் நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். ஏன் கும்பிட்டேன்? நாலு பேரு பாக்குறாகளேன்னுதான். வெக்கமாருக்கு.

வீட்டுக்குள் நுழையும்போதே பிரவீணா போன். “நாலு நாளா அண்ணன் வரலையேக்கா?”

பஸ் ஏறியிருக்கிறார். மையத்து வாசல் வரைக்கும் போயிருக்கிறார். திரும்பி வந்திருக்கிறார், தினமும்.

“வாசல்லயே போதைன்னு போர்டு மாட்டிருக்காக. காப்புக் கையோட அதத் தொடலாமா?” என்கிறார்.

அடப்பாவி மனுசா! பழைய கருமத்தை முழுங்கும்போது எந்தச் சாமிக்குப் பயந்தீக? மருந்த விடுறதுக்கு மட்டும் ஆத்தா வேணுமா? — கத்தித் தீர்த்தேன். நடுங்குகிற இவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். வேறென்ன செய்வேன்.

ஏப்ரல் 5, சனி

முதல் பஸ்ஸில் கூட்டிப் போனேன். பிரவீணா திட்டவில்லை.

“சக்கரைக்காரவுக காப்புக் கட்டுனா சக்கரை மாத்திரைய நிப்பாட்டுவாகளாண்ணே? இதும் மருந்துதான். நல்லவேளை, பழைய மாத்திரையத் தேடிப் போகலையே நீங்க.”

அது எனக்குத் தோன்றவே இல்லை. அந்த நடுக்கத்திலும் அதைத் தேடிப் போகவில்லை இவர். பஸ்ஸில் திரும்பும்போது கையைப் பிடித்துக்கொண்டேன். கண்டக்டர் பார்த்தார். பார்க்கட்டும்.

ஏப்ரல் 9, புதன்

காலையில் மாத்திரை, சாயங்காலம் சட்டி. இரண்டும் நல்லபடி முடிந்தது. ஆத்தா கோபிக்கவில்லை.

ஏப்ரல் 16, புதன்

இப்போது ஊருக்குள் இவருக்கு ஏக மரியாதை. டீக்கடையில் எழுந்து இடம் விடுகிறார்களாம். “சாமி, இந்த சிலிண்டர மாத்திக் குடுக்குமா?” என்று கேட்டேன். முறைத்துக்கொண்டே மாற்றினார்.

சாயங்காலம் சந்தனம்மாள் அத்தை தன் மகன் சோலையை இழுத்துக்கொண்டு வந்தார். இருபத்துநாலு வயது. இவரோடு லோடு ஏற்றுகிறவன்.

“தூங்க மாட்டேங்கான் சாமி. வேர்க்குது, கையி நடுங்குது. ஏதோ காத்துக் கருப்பு அண்டிருச்சு. உங்கையால துன்னூறு போட்டு விடு.”

சோலை தலையை நிமிர்த்தவில்லை. இவர் அவன் முகத்தையே பார்த்தார். எனக்கே புரிந்துவிட்டது, இவருக்குப் புரியாதா? ஆனாலும் திருநீற்றைப் பூசி அனுப்பிவிட்டார். வாயைத் திறக்காமல் நானும் நின்றேன்.

சாப்பிட வரவில்லை. “அவனுக்கு மருந்து எங்க இருக்குன்னு தெரிஞ்சும் சாம்பலப் பூசி விட்டுட்டேன் ஈஸ்வரி” என்றார்.

ஏப்ரல் 30

நாளை கிராம சபை. நான் எழுந்து பேசப்போகிறேன் என்றேன். அப்புறம் தைக்க ஒரு துணி வராது என்றார். வராவிட்டால் போகிறது. உங்களைத் தைத்து எடுத்ததைவிடவா கஷ்டம்?

மே 1, வியாழன்

தெருவிளக்கு, குடிதண்ணி எல்லாம் பேசி முடித்துவிட்டு, ஊராட்சிச் செயலர், “வேற யாருக்கும் கோரிக்கை இருக்கா?” என்றார். சேலையைச் சரிபண்ணிக்கொண்டு எழப்போனேன். இவர் என் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு எழுந்தார்.

“திருச்சுழி மாத்திரை மையத்த மூடக்கூடாதுன்னு தீர்மானம் எழுதணும். வலி மாத்திரைக்கு அடிமையானவுகளுக்கு அங்கதான் மருந்து. நான் அங்க மருந்து சாப்புடுறேன்.”

இவர் நிறுத்தவில்லை.

“அன்னைக்குக் கோயில்ல எனக்கு வந்தது சாமி இல்ல. மருந்த நிப்பாட்டுன நடுக்கம். என்னைய மன்னிச்சிருங்க. நம்மூருல நான் மட்டும் இல்ல, இன்னும் இருக்காக. பேரு சொல்ல மாட்டேன்.”

யாரோ சிரித்தார்கள். யாரோ காறித் துப்பினார்கள். சந்தனம்மாள் அத்தை எழுந்து போய்விட்டார். செயலர் மட்டும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

வரும் வழியில் இவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. இவரைக் கட்டிக்கொண்டதற்கு இன்றைக்கு மாதிரி என்றைக்கும் நான் சந்தோஷப்பட்டதில்லை. சொல்லத் தெரியவில்லை. இதில் எழுதுகிறேன்.

மே 2, வெள்ளி

சந்தனம்மாள் அத்தை தன் வீட்டு வாசலில் நின்று, “துன்னூறு வாங்க எம்மகனக் கூட்டியாந்தேனே, எங்கிட்டயே வேசம் போட்டீகளே” என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

மே 6

தைக்க யாரும் வரவில்லை. இவருடைய சட்டைக்குப் பொத்தான் தைத்தேன்.

மே 8, வியாழன்

தீர்மானம் மேலே போயிருக்கிறதாம். இன்னும் பதில் இல்லை. “ஆளுக வந்தாத்தான்க்கா பேச முடியும்” என்கிறாள் பிரவீணா.

மே 12, திங்கள்

இன்று நானும் கூடப் போனேன். தைக்கத் துணி இல்லாமல் வீட்டில் என்ன செய்ய?

பஸ் கிளம்பப்போகும்போது சந்தனம்மாள் அத்தை வேகவேகமாக வந்து ஏறினார். பின்னால் சோலை. எங்கள் பக்கம் பார்க்காமல் முன் சீட்டில் உட்கார்ந்தார். ஊர் தாண்டியது, பரளச்சி தாண்டியது.

திருச்சுழி நெருங்கும்போது அத்தை திரும்பாமலே சொன்னார்:

“ஏ ஈஸ்வரி, அது எந்த ஸ்டாப்புன்னு எங்களுக்குத் தெரியாது. நீங்க எறங்கும்போது ஒரு சத்தம் குடு.”