எரிமலைப் பாதையில் நின்றவன்

செவ்வாய், ஒக்தோபர் 14

பலெர்மோவில், லிபெர்த்தா தெருவில் நான் வேலை செய்யும் வீட்டு எசமானி சிஞ்ஞோராவின் மகன் மார்க்கோ, பிரெஞ்சுக்காரரின் ரெயூனியன் தீவில் எரிமலைப் பாதைகளில் நடக்கப் போயிருக்கிறான். போன கிழமை அவன் அனுப்பிய படங்களை சிஞ்ஞோரா காட்டினார். கறுத்த பாறை, காலுக்குக் கீழே மேகம். ஒரு படத்தில், மலைவிடுதி வாசலில் விறகோடு நின்றவன் என் தம்பி போலிருந்தான். தம்பி மன்னாரிலிருந்து அந்தத் தீவுக்கென்று படகேறியவன்தான். அதன் பிறகு செய்தியே இல்லை.

பெரிதாக்கினால் முகம் கலங்கியது.

"எல்லாரிலும் உனக்கு அவன்தான் தெரியிறான்," என்றார் என் கணவர்.

ஆனாலும் மார்க்கோவிடம் கேட்டேன், திரும்பும் வழியில் அந்த விடுதி ஆளை "சூட்டி" என்று கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லி. அது தம்பிக்கு எங்கள் வீட்டில் மட்டும் வழங்கும் பெயர்.

இன்று மார்க்கோ போன் எடுத்தான். கூப்பிட்டவுடன் அவன் திரும்பினானாம். பலெர்மோவில் அக்கா தேடுகிறார் என்றதும், தனக்கு அக்காவே இல்லை என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு உள்ளே போனானாம்.

"அப்ப அவன் இல்லைத்தானே," என்கிறார் கணவர்.

"ஓம்," என்றேன்.

வேறு யார் அந்தப் பெயருக்குத் திரும்புவார்கள்? அவன்தான் என்றால், நான் அவனுக்கு என்ன செய்தேன்?

நாளைக்கு மன்னாரிலிருந்து அம்மா போன் எடுப்பார். உயிரோடு இருக்கிறான் என்று சொல்வதா, ஒன்றும் தெரியாது என்று சொல்வதா? இரண்டும் உண்மை போலத்தான் இருக்கிறது.